முக்குளிப்பானின் வளையம்

என் வீட்டுக்காரர் தண்ணீரில் இறங்க மாட்டார். குளியல்கூட வாளியில் பிடித்து, மக்கில் மொண்டு, கழுத்துக்குக் கீழேதான். தலைக்கு ஊற்றும் நாளில் மூச்சைப் பிடித்து, கண்ணை இறுக மூடி, யாரோ பிடரியைப் பிடித்து அமுக்குவது போன்ற முகத்தோடு ஊற்றிக்கொள்வார். வீடு கட்டியபோது ஆசைப்பட்டு வைத்த ஷவர் இன்றுவரை ஒட்டடை பிடித்துத் தொங்குகிறது. இப்படிப்பட்ட மனிதர் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்திருப்பது எதைத் தெரியுமா? கடலுக்கடியில் முங்கி வேலை செய்த ராணுவக்காரர்கள் கையில் கட்டியிருந்த பழைய கடிகாரங்களை.

இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் கிடையாது. முதலில் சிரித்தது என் அண்ணன். பெயர் வைத்ததும் அவன்தான். குளத்தில் தலை காட்டுவதும் மறைவதுமாக இருக்குமே ஒரு குட்டிப் பறவை, முக்குளிப்பான், அதுதான் பெயர். போனை எடுத்தாலே, முக்குளிப்பான் மாப்பிள்ளை முழங்கால் வரைக்குமாவது நனைந்தாரா என்றுதான் ஆரம்பிப்பான். இவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். உங்கள் அண்ணன் பாடத் தெரிந்துகொண்டா ரேடியோ வாங்கினார் என்று என்னிடம் கேட்பார். நான் இரண்டு பக்கமும் சிரித்து வைப்பேன்.

அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. லிஃப்ட் என்றால் மேலே போவது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இவருக்குப் பாதி வேலை கீழேதான். லிஃப்ட் வந்து நிற்கிற கடைசித் தளத்துக்கும் கீழே ஒரு குழி இருக்கும். ஏணி போட்டு அதில் இறங்கி, ஊறி நிற்கிற தண்ணீரை இறைத்து, துருவைச் சுரண்டி, ஸ்பிரிங்குகளைப் பார்க்க வேண்டும். தலைக்கு மேலே டன் கணக்கில் இரும்பு தொங்கும். கிணற்றை எட்டிப் பார்க்கவே பயப்படுகிறவர் அந்தக் குழிக்குள் பூனை மாதிரி இறங்கிப் போவார்.

எனக்குத்தான் பயம். கல்யாணமான புதிதில் ஒருமுறை அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அந்தக் குழியைப் பார்த்துவிட்டேன். பழைய கட்டடங்களில் குழி ஆழமே இருக்காது. ஆள் உள்ளே இருக்கும்போது லிஃப்ட் கீழே வந்தால் குனிந்து ஒதுங்கக்கூட இடமில்லை. மெயின் சுவிட்சை அணைத்து, அதற்குத் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இறங்குவேன் என்று சத்தியம் செய்தார். அன்றிலிருந்து அவர் வீடு திரும்பியதும் நான் முதலில் பார்ப்பது அவர் முகத்தை இல்லை, சட்டைப்பையை. சாவி குலுங்கினால் சரி.

கடிகாரப் பைத்தியம் பிடித்ததும் லிஃப்டில்தான். ஒரு கட்டடத்தில் நடுவில் நின்றுபோன லிஃப்டைத் திறந்தபோது, உள்ளே ஒரு முதியவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாராம். மற்றவர்கள் என்றால் கதவைத் தட்டி, கத்தி, வியர்த்து வழிந்திருப்பார்கள். அந்தப் பெரியவரோ மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு சாவகாசமாக இருந்திருக்கிறார். கடற்படையில் முங்குநீச்சல்காரராக இருந்தவர். லிஃப்ட் நின்றதும் தன் கடிகாரத்தின் விளிம்பில் இருந்த வளையத்தைத் திருப்பி வைத்துவிட்டாராம்.

"எவ்வளவு நேரமா உள்ள இருக்கோம்னு தெரிஞ்சா பயம் வராது தம்பி. தெரியலன்னாதான் வரும்" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்தவரிடம் நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

அந்த ஒரு வார்த்தை இவரைப் பிடித்துக்கொண்டது. அந்த வளையத்தின் கதையை எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ. கடிகார முகத்தைச் சுற்றி ஒரு வளையம், அதில் நிமிடக் கணக்கு, தொடங்கும் இடத்தில் ஒரு முக்கோணம். தண்ணீரில் இறங்கும்போது அந்த முக்கோணத்தைப் பெரிய முள்ளுக்கு நேரே திருப்பி வைக்க வேண்டும். பிறகு பெரிய முள் வளையத்தில் எந்த எண்ணுக்கு நேரே நிற்கிறதோ, உள்ளே போய் அத்தனை நிமிடம் ஆகிவிட்டது. கீழே போனவனுக்கு மணி என்ன என்று தெரிய வேண்டியதில்லை. காற்று எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தால் போதும்.

அலமாரியில் என் பட்டுப் புடவைகள் இருந்த இழுவறை மெல்ல மெல்லக் கடிகாரங்களுக்குப் போனது. பின்பக்கம் ராணுவ எண் வெட்டியது, முள் தடித்தது, பட்டை கழன்று விழாதபடி இரண்டு பக்கமும் கம்பியை வைத்து ஒட்டியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வியாக்கியானம். பாத்திரத்தில் கீறல் விழுந்தால் கடைக்காரனோடு மல்லுக்கு நிற்கிற மனிதர், கடிகாரத்தில் கீறல் இருந்தால்தான் வாங்குவார். பளபளவென்று தேய்த்ததைத் திரும்பியும் பார்க்க மாட்டார். கீறல்தான் அந்த ஆள், அதை எடுத்துவிட்டால் வெறும் தகரம் என்பார்.

ஒரு கெட்ட பழக்கமும் வந்து சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் வளையத்தைத் திருப்புவார். குக்கர் வைத்தால் திருப்புவார், என் அண்ணன் பேச ஆரம்பித்தால் திருப்புவார், குழியில் இறங்கினால் கட்டாயம் திருப்புவார். குழியில் ஒரு தடவைக்கு அரை மணி நேரம், அதற்குமேல் இருக்கக் கூடாது என்பது அவரே வைத்துக்கொண்ட சட்டம். கடைசியில் கடிகாரத்தில் வளையத்தை மட்டும்தான் பார்ப்பார், மணி பார்ப்பதே மறந்துபோனது. மணி என்ன என்று கேட்டால் "இருபது நிமிஷம்" என்று பதில் வரும். எதிலிருந்து இருபது நிமிடம் என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன், அது பின்னால் வருகிறது. காது கேட்கும் கருவி விற்கிற கடையில் காது பரிசோதிக்கிறவள் நான். சத்தம் புகாத சின்ன அறையில் ஆளை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்போம். கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து நான் சன்னமான ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவேன். கேட்டால் அவர்கள் பட்டனை அழுத்த வேண்டும். சிலர் கேட்காமலே அழுத்துவார்கள். கேட்க வேண்டும் என்ற ஆசை, கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கம். அவர்களை எனக்கு ஆகவே ஆகாது. உங்களையே ஏமாற்றிக்கொள்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்.

அதனால்தான் இழுவறைக்குள்ளிருந்து சத்தம் கேட்டபோது முதலில் என்னையே நான் நம்பவில்லை.

அப்போது புதிதாக ஒரு கடிகாரம் வந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. பழைய சாமான் கடைக்காரர் ஒருவரிடம் வாங்கியது. சேகரிப்பிலேயே மூத்தது, கனமானது, முகம் காப்பி நிறத்தில் வெளிறியது. சாவி கொடுத்தால் ஓடும். ஆனால் வளையம் மட்டும் அசையாது. உப்பு ஏறி இறுகி, முக்கோணம் இரண்டுக்கு நேரே நின்றுபோயிருந்தது. எண்ணெய் விட்டுப் பார்த்தார், வெந்நீர்த் துணி சுற்றிப் பார்த்தார், கடிகாரம் பழுது பார்க்கிறவரிடமும் கொடுத்துப் பார்த்தார். உடைத்தால்தான் வரும் என்று அவர் கை விரித்துவிட்டார். உடைக்க இவருக்கு மனசு வரவில்லை.

"யாரோ கடைசியா வெச்ச இடம். இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

ஆனால் அதைக் கட்டாமலும் இருக்க முடியவில்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார் பாருங்கள், இவரைத் தவிர யாருக்கும் தோன்றாது. வளையம் திரும்பாவிட்டால் என்ன, நான் திரும்பிக்கொள்கிறேன் என்று, பெரிய முள் இரண்டுக்கு வரும்வரை காத்திருந்து, முக்கோணத்தைத் தொட்டதும் வேலையைத் தொடங்குவார். குழி வாசலில் கருவிப்பையோடு முள்ளுக்காகக் காத்து நிற்கிற மெக்கானிக்கைப் பார்த்து, நல்ல நேரம் பார்க்கிறார் என்று கட்டடத்துக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டு அவர் வெளியூர் போயிருந்த வாரம் அது. சாவி கொடுக்காமல் நின்றுபோயிருந்ததை நானே இழுவறையில் எடுத்து வைத்தேன். மறுநாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது டிக் டிக் என்று கேட்டது. இழுவறையைத் திறந்தேன், நின்றது. எல்லாக் கடிகாரத்தையும் காதில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஓடவில்லை. மூடினேன். இரண்டு புடவை மடிப்பதற்குள் மறுபடியும் ஆரம்பித்தது. சுவரிலா, தண்ணீர்க் குழாயிலா, என் காதிலேயே ஏதாவதா என்று தொழில்முறையில் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். காதைப் பொத்தினால் கேட்கவில்லை. அப்படியென்றால் காதில் இல்லை, வெளியேதான்.

பிறகு அந்தப் பட்டையைப் பார்த்தேன். முரட்டுத் துணிப்பட்டை. தொட்டால் ஈரம். வெயிலில் காயப்போட்டு மொறமொறப்பாக எடுத்து வைத்தேன். மறுநாள் பார்த்தால் பிழிந்து வைத்த மாதிரி இருந்தது, இழுவறையின் அடிப்பலகையில் வெள்ளையாக ஒரு உப்புக் கோடு. மற்ற கடிகாரங்கள் எல்லாம் உலர்ந்தே இருந்தன. இழுவறையை அப்படியே மூடிவிட்டு அறையை விட்டு வந்துவிட்டேன்.

அவர் திரும்பி வந்ததும் சொன்னேன். மழைக்காலம், பலகை வியர்க்கும் என்றார். உனக்கு வேலையிலும் டொய்ங், வீட்டிலும் டொய்ங்கா என்று கிண்டல் வேறு. சரி, போகட்டும் என்று விட்டிருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் விட முடியாமல் ஆக்கியது.

சாப்பிட்டுவிட்டு அந்தக் கடிகாரத்தைக் கட்டியபடியே சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். குறட்டை நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. முகம் குளியலறையில் தலைக்கு ஊற்றும்போது வைத்துக்கொள்கிற அதே முகம். கூப்பிட்டேன், உலுக்கினேன், கன்னத்தில் தட்டினேன். உதடு நீலம் பாய்ந்தது. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தபோது, மேலே யாரோ இழுத்துத் தூக்கியதுபோல விருட்டென்று எழுந்து நின்றார். ஹா என்று மூச்சை இழுத்தார். வாய் ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. துடைத்த என் விரல் உப்புக் கரித்தது.

என்ன ஆச்சு என்று கேட்டேன். ஒன்றுமில்லை, எழுந்துவிட வேண்டும்போல் இருந்தது, எழுந்துவிட்டேன் என்றார். எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, பயமாக இருந்தது, அவ்வளவுதான். குழியில் இருக்கும்போது இப்படி மூச்சு நின்றால் யார் உலுக்குவது? அந்தச் சனியன் வீட்டை விட்டுப் போனால்தான் என் வீட்டுக்காரர் எனக்கு மிஞ்சுவார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பழைய சாமான் கடைக்காரரைப் போய்ப் பார்த்தேன். கடை முழுக்கத் திசைகாட்டி, கப்பல் விளக்கு, யாருடையவோ குடும்பப் போட்டோக்கள். வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"திருப்பிக் குடுக்க வர்றது நீங்க முதல் ஆள் இல்லம்மா" என்றார். "இதுக்கு முன்னாடி ஒரு வக்கீல் வாங்கினார். இதைக் கட்டிக்கிட்டா எங்கயும் நிம்மதியா உக்கார முடியல, எழுந்து போ எழுந்து போன்னு யாரோ சொல்ற மாதிரியே இருக்குன்னு கொண்டாந்து வெச்சிட்டுப் போயிட்டார்."

அது யாருடையது என்று கேட்டேன். கடைக்காரரிடம் அதை விற்றவர், கடிகாரத்தின் சொந்தக்காரரோடு கடற்படையில் சேர்ந்து முங்கிய கூட்டாளி. இருவரும் மூழ்கிய கப்பல் ஒன்றின் அடியில் வேலை செய்திருக்கிறார்கள். மணி பன்னிரண்டு அடிக்கும்போது இறங்கியதால் முக்கோணத்தைப் பன்னிரண்டுக்கு நேரே வைத்தார்களாம். இந்தக் காலத்து வளையம் ஒரு பக்கம் மட்டும்தான் திரும்பும். எதிலாவது இடித்து நகர்ந்தாலும் நேரம் அதிகமாக ஆகிவிட்டதாகக் காட்டும், ஆள் சீக்கிரம் மேலே வந்துவிடுவான், உயிருக்கு மோசமில்லை. அந்தக் காலத்து வளையம் இரண்டு பக்கமும் திரும்பும்.

"கயிறு உரசி வளையம் பன்னெண்டுலேர்ந்து ரெண்டுக்கு வந்திடுச்சு. இன்னும் பத்து நிமிஷம் இருக்குன்னு அது காட்டுது. அந்த ஆள் அதை நம்பிக் கீழயே இருந்திட்டார்" என்றார் கடைக்காரர். "கூட்டாளி மேல வந்து பார்க்கிறார், அவரைக் காணோம். மறுபடி போய்த் தூக்கிட்டு வந்தப்போ வளையம் ரெண்டுலதான் நின்னுதாம். அப்புறம் அது அசையவே இல்ல."

ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். அந்த மனிதரை நினைத்துத்தான் என்று இப்போது சொல்லலாம். அன்று நான் நினைத்தது என் வீட்டுக்காரரை மட்டும்தான். செத்தவனின் தப்பு நேரத்துக்காகக் காத்து நின்று, முள் தொட்டதும் குழியில் இறங்குகிறாரே இந்த மனிதர். நான் நாளைக்கே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய சண்டை. கதையைச் சொன்னால் அரண்டு போவார் என்று பார்த்தால், கண் கலங்கி அந்த வளையத்தைத் தடவிக்கொண்டிருக்கிறார். பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டியை எடுத்த பிறகுதான் இறங்கி வந்தார்.

"சரி, நாளைக்குச் சாயங்காலம் நானே குடுத்திடறேன். காலையில ஒரு வேலை இருக்கு, கடைசியா ஒரு தடவை கட்டிக்கிறேன்" என்றார்.

"குழி வேலையா?"

"ஆமா. ஆனா பூட்டுப் போட்டுக்கிட்டுதான் இறங்குவேன். போதுமா?"

போதாது என்று சொல்லியிருக்கலாம். பெட்டியை எடுத்ததிலேயே என் கோபம் பாதி செலவாகிவிட்டிருந்தது. சாயங்காலம் போய்விடும், ஒரு பகல்தானே என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் என் அறைக்கு வந்தவர் ஒரு ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். மகன் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் அவருக்கு ஏதோ கொஞ்சம் விழும். ஹெட்போனை மாட்டி, பட்டனைக் கையில் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். அவர் பெயரைக் கணினியில் அடித்துக்கொண்டிருந்தேன், இன்னும் எதையும் அனுப்பவில்லை. என் பக்கத்து விளக்கு எரிந்தது. பட்டனை அழுத்துகிறார்.

கேட்காமலே அழுத்துகிற கூட்டம்தான் என்று எரிச்சலோடு நிமிர்ந்தேன். விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. ஆசைக்கு அழுத்துகிறவர்கள் இப்படி அழுத்த மாட்டார்கள், தாறுமாறாக அழுத்துவார்கள். இது தாளம் பிசகாமல் வந்தது. வேகமாக வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். பல வருடம் கழித்து எதையோ கேட்கிறவர் மாதிரி வாய் லேசாகத் திறந்திருந்தது.

கதவைத் திறந்து, ஹெட்போனை விலக்கி, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே என்று கத்தினேன்.

"டிக் டிக்னு கேக்குதும்மா" என்றார். "ரொம்ப அவசரமா ஓடுது."

எனக்குக் கேட்கவில்லை. அந்த அறையில் நம் ரத்தம் ஓடுகிற சத்தம்கூடக் கேட்கும், அதைத் தவிர ஒன்றுமில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பத்தரை. போனை எடுத்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டேன். பெரியவர் என் கையைத் தொட்டு, "நின்னுடுச்சு" என்றார்.

மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குள் அவரே கூப்பிட்டார். மூச்சு மட்டும் கேட்டது. எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு கோவையாகக் கேட்டதைச் சொல்கிறேன். பழைய அலுவலகக் கட்டடம். குழிக்குள் ஆபத்துக்கு லிஃப்டை நிறுத்துகிற சுவிட்ச் துருப்பிடித்துச் செத்துப்போயிருந்தது, அதை மாற்றத்தான் போயிருக்கிறார். கூட வருகிறவருக்குக் காய்ச்சல், இவர் தனியாள். மேலே மெயின் சுவிட்சில் பூட்டுப் போடுகிற துளையே இல்லை. சுவிட்ச் அறையைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொள்கிறேன், அரை மணி நேரம் யாரையும் தொட விட மாட்டேன் என்று கட்டட மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். அந்த வாய் வார்த்தையை நம்பி இந்த மனிதர் இறங்கியிருக்கிறார். எனக்குச் செய்த சத்தியத்தை அன்று குழி வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு அவர் இன்னும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

வழக்கப்படி, பெரிய முள் இரண்டைத் தொட்டதும் இறங்கினாராம். டார்ச் வெளிச்சத்தில் வேலை. வேலை பாதிகூட ஆகவில்லை, மணிக்கட்டைப் பார்த்தால் வளையத்தில் முப்பதுக்கு நேரே முள் நிற்கிறது. அதற்குள்ளா என்று தோன்றியதாம். ஆனால் வளையம் சொன்னால் இவருக்கு அப்பீல் இல்லை. மணி பார்க்கிற பழக்கம்தான் எப்போதோ போய்விட்டதே. முணுமுணுத்துக்கொண்டே ஏணியில் ஏறி வெளியே வந்து, ஏணியை இழுக்கக் குனிந்திருக்கிறார். முகத்துக்கு முன்னால் லிஃப்ட் இறங்கியது. ஏணியை அப்படியே வளைத்துக் குழிக்குள் அமுக்கிக்கொண்டு நின்றது.

மேற்பார்வையாளர் டீ குடிக்கப் போனபோது சாவியைப் புதுக் காவலாளியிடம் கொடுத்திருக்கிறார், விஷயத்தைக் கொடுக்கவில்லை. மேல் மாடிக்காரர்கள் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று சத்தம் போட, அந்த ஆள் நல்ல பிள்ளையாகப் போய் சுவிட்சைப் போட்டுவிட்டான். வராந்தாத் தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் இவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாராம். பத்தரை தாண்டி முள் கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது. பத்து பத்துக்கு இறங்கியவருக்கு அரை மணி ஆகியே இருக்கவில்லை. இன்னும் பத்து நிமிடம் கீழே இருந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் அவர் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் கடிகாரத்தைக் கழற்றி என் முன்னால் வைத்தார். நான் தொடாமல் குனிந்து பார்த்தேன். இரண்டில் இறுகியிருந்த முக்கோணம் பன்னிரண்டில் நின்றது.

திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. என்னைத் திருப்பச் சொன்னார். என் பலம் அவ்வளவையும் போட்டேன். விரல்தான் சிவந்தது. நகர்ந்ததற்கு அடையாளமாக ஒரு உப்புத் தூள்கூட உதிர்ந்திருக்கவில்லை.

"உடைச்சாத்தான் வரும்னு விட்ட வளையம்" என்றார். அழுதார். நானும் அழுதேன். அழுதுகொண்டே திட்டவும் செய்தேன்.

பன்னிரண்டு, அந்த முங்குநீச்சல்காரர் கடைசியாகத் தன் கையால் வைத்த இடம். கயிறு உரசி இரண்டுக்கு வந்தது அவரைக் கொன்ற இடம். எழுந்து போ எழுந்து போ என்று அந்த வக்கீலிடமும், சோபாவில் தூங்கிய என் வீட்டுக்காரரிடமும் சொன்னது யார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. தனக்கு ஒருவரும் சொல்லாததை அவர், அதைக் கையில் கட்டியவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவரைச் சனியன் என்று திட்டி, கடைக்காரரிடம் தள்ளிவிடப் பார்த்தேன்.

சாயங்காலம் கடைக்குப் போகலாமா என்று அவர் கேட்டபோது, ஒன்றும் வேண்டாம், இழுவறையில் இருக்கட்டும் என்றேன். என் பட்டுப் புடவையில் மிச்சமிருந்த ஒன்றையும் எடுத்துவிட்டு இடம் செய்துகொடுத்தேன்.

அதற்குப் பிறகு பட்டை நனையவில்லை. மத்தியானங்களில் சத்தமும் இல்லை. அவர் தூக்கத்தில் மூச்சு ஒழுங்காக வருகிறது, குறட்டைதான் கூடியிருக்கிறது. சொல்லப்போனால் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்க முடியவில்லை. வீட்டில் ஒருவர் வேலையை முடித்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்ட மாதிரி இருந்தது.

ஒரு நாள் அவருக்குத் தெரியாமல் கடிகாரத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். வாடிக்கையாளர் வருவதற்கு முன்னால் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, நானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கடிகாரத்தை மடியில் வைத்தேன். சாவி கொடுக்கவில்லை. பட்டனைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் நாற்காலி காலியாக இருந்தது.

வெகுநேரம் இருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. என் தொழிலில் எனக்குச் சந்தேகமே கிடையாது, சத்தமில்லை என்றால் இல்லைதான்.

பட்டனை அழுத்தினேன்.